நான்கு டி.சி.யும் ஒரு பூஜ்யமும்: மாவட்டக் கல்வி அலுவலருக்கு ஒரு திறந்த மடல்

மாவட்டக் கல்வி அலுவலர் (தொடக்கக் கல்வி) அவர்களுக்கு,

எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, மாணவர் சேர்க்கை இல்லாததால் தற்காலிகமாக மூடப்பட்டது என்று உங்கள் அலுவலகக் கோப்பில் இருக்கிறது. பள்ளிக் கதவில் ஒட்டியிருக்கும் தாளிலும் அதே வாசகம்தான். ஐயா, அது உண்மை இல்லை. ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று அங்கே நான்கு பிள்ளைகள் போய் நின்றார்கள். அதில் ஒருத்தி என் மகள். நான்கு பேரையும் டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டு, அதற்கப்புறம் தலையை எண்ணிப் பூஜ்யம் என்று எழுதியிருக்கிறீர்கள்.

நான் அந்தப் பள்ளியின் மேலாண்மைக் குழு உறுப்பினர். அங்கேயே ஐந்தாவது வரை படித்தவள், இதே ஊரில் வாக்கப்பட்டவள், வீட்டில் தையல் மெஷின் போட்டுப் பிழைக்கிறவள். என் மூத்த மகனும் இங்கேதான் படித்தான். இப்போது அரசு உயர்நிலைப் பள்ளியில் எட்டாவது. மனு கொடுத்தோம், ஒப்புகைச் சீட்டு கிடைத்தது, பதில் கிடைக்கவில்லை. வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கேட்டால் மாவட்டத்தைக் கேளுங்கள் என்கிறார்கள். உங்கள் அலுவலகத்தில் கேட்டால் வட்டாரத்தைக் கேளுங்கள் என்கிறார்கள். அதனால் ஊர் பார்க்க எழுதுகிறேன்.

போன கல்வியாண்டில் ஏழு பேர் படித்தார்கள். மூன்று பேர் ஐந்தாவது முடித்து வெளியே போனார்கள். ஒன்றாவதில் புதிதாக யாரும் சேரவில்லை. இருந்த ஒரே ஆசிரியைக்கு, கோடை விடுமுறையிலேயே வேறொரு பள்ளிக்கு மாற்றுப்பணி ஆணை போய்விட்டது. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பள்ளி திறந்த அன்று காலையில் சத்துணவு ஆயாதான் சாவியைக் கொண்டுவந்து கதவைத் திறந்தார். பிள்ளைகள் உள்ளே போய் உட்கார்ந்தார்கள், மத்தியானம் வரை உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார்கள்.

அந்த வாரக் கடைசியில் வட்டார அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். நான்கு தாய்மார்களையும் வரச் சொன்னார்கள். "நாலு பிள்ளைக்கு ஒரு டீச்சர் போட முடியாதும்மா. நீங்களே எழுதிக் குடுத்துட்டா பிள்ளைகளுக்கு நல்லது. இல்லேன்னா எமிஸ்ல பேரு மாட்டிக்கும். புத்தகம் வராது, நோட்டு வராது, யூனிஃபார்ம் வராது" என்றார். எமிஸ் என்றால் பிள்ளைகள் விவரத்தை ஏற்றி வைக்கும் துறையின் கணினிப் பதிவு. கோபமாகச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னார். மூன்று பேர் பயந்து சரி என்றார்கள். அதில் ஒருத்திக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். "சொந்தக் காரணங்களுக்காக என் மகனை வேறு பள்ளியில் சேர்க்க விரும்புகிறேன்" என்று வந்தவர் எழுத, அவள் கீழே பெயரைப் போட்டாள். மற்ற இருவரும் அதையே பார்த்து எழுதினார்கள். மூன்று கடிதத்திலும் ஒரே வாக்கியம், ஒரே எழுத்துப்பிழை. எடுத்துப் பாருங்கள், தெரியும்.

நான் எழுதிக் கொடுக்கவில்லை. ஆசிரியர் போடுங்கள், இல்லாவிட்டால் மூடுகிறோம் என்று நீங்கள் எழுதிக் கொடுங்கள் என்றேன். அவர் சிரித்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் பக்கத்து ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியர் போன் செய்தார். என் மகளின் பெயர் எமிஸில் காமன் பூலுக்கு, அதாவது எந்தப் பள்ளியிலும் இல்லாத பிள்ளைகளின் பட்டியலுக்குப் போய்விட்டதாம். அதை எடுத்துத் தன் பள்ளியில் சேர்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை, பிள்ளை அந்தரத்தில் நிற்கக் கூடாதே என்று செய்தார். என் கேள்வி உங்களுக்கு. நான் கேட்காத டி.சி.யை யார் போட்டது? எந்த மனுவின் பேரில் போட்டது?

இனி தூரத்துக்கு வருகிறேன். தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிய பதிலில், மூடப்பட்ட பள்ளியிலிருந்து 900 மீட்டரில் வேறு தொடக்கப் பள்ளி உள்ளது என்று இருக்கிறது. இந்த 900 மீட்டரை அளந்தவர் எங்கள் ஊருக்கு வந்திருக்க முடியாது. அது கண்மாய்க் கரை மேல் போகும் தூரம். நாங்கள் வைகைக்குத் தெற்கே கண்மாய்த் தண்ணீரை நம்பி இருக்கிற ஊர். ஐப்பசி, கார்த்திகையில் மழை ஒழுங்காகப் பெய்தால் கண்மாய் பெருகி மறுகால் பாயும். அப்போது அந்த வழியில் இருக்கிற, உபரித் தண்ணீர் வழியும் கலுங்கின் மேல் பெரிய ஆளுக்கு முழங்கால் அளவு தண்ணீர் ஓடும். எட்டு வயசுப் பிள்ளைக்கு அது இடுப்பு. தண்ணீர் இல்லாத மாதங்களில் கரையின் இரண்டு பக்கமும் சீமைக் கருவேல் கவிந்து கிடக்கும். ஆடு மேய்க்கிறவர்களே கையில் கம்போடுதான் போவார்கள். பாம்பு உண்டு. நாங்கள் பெரியவர்களே பொழுது சாய்ந்தால் அந்த வழியில் கால் வைப்பதில்லை.

பிள்ளைகள் போகக்கூடிய வழி தார்ச்சாலை. அது 2 கிலோமீட்டருக்கு மேல். நடுவில் நால்வழிச் சாலையைக் கடக்க வேண்டும். சுரங்கப்பாதை கிடையாது, சிக்னல் கிடையாது. நடுத்திட்டில் ஓர் இடைவெளி மட்டும் உண்டு. அங்கே நின்று இரண்டு பக்கமும் பார்த்து, லாரிக்கும் ஆம்னி பஸ்ஸுக்கும் நடுவில் ஓட வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் 2011இல் தமிழ்நாடு போட்ட விதிகள் ஒன்று முதல் ஐந்து வகுப்புப் பிள்ளைகளுக்கு 1 கிலோமீட்டர் என்று சொல்கின்றன. அது நடந்து போகும் தூரம். காக்கை பறக்கிற தூரமும் இல்லை, முதலை நீந்துகிற தூரமும் இல்லை.

தூரத்தோடு நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது, எங்கள் பள்ளிக்கும் வந்தது. சுய உதவிக் குழுப் பெண் ஒருவர் விடியற்காலையில் வந்து அடுப்பு மூட்டுவார். கிச்சடி நாளில் தாளிப்பு வாசம் தெருமுனை வரை வரும், பிள்ளைகள் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடும். இப்போது அந்தச் சாப்பாடு 2 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. மணி அடிப்பதற்கு முன்னால் சாப்பிட வேண்டுமென்றால் பிள்ளை வீட்டை விட்டு ஏழரை மணிக்கே கிளம்ப வேண்டும். கூட்டிக்கொண்டு போகத் தாய் வேண்டும். தாய்க்கு அந்த நேரத்தில் நூறு நாள் வேலைக்குப் போய் வருகைப் பதிவு போட்டோவில் நிற்க வேண்டும். போட்டோவில் இல்லையென்றால் அன்றைக்குச் சம்பளம் இல்லை. ஒன்று பிள்ளைக்குக் காலைச் சாப்பாடு, இல்லையென்றால் தாய்க்குக் கூலி. இந்தக் கணக்கு உங்கள் கோப்பில் எந்தக் கட்டத்தில் வருகிறது?

நாலே நாலு பிள்ளைக்கு ஒரு பள்ளியா என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் அலுவலகத்தில் ஒருவர் கேட்கவும் கேட்டார். நியாயமான கேள்வி மாதிரிதான் தெரியும். எங்கள் ஊரில் பிள்ளை குறைந்தது உண்மை. தமிழ்நாட்டிலேயே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு பிள்ளைகூட இல்லை, 1.8 என்று தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு 2019-21இல் சொன்னது. திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போன குடும்பங்களும் உண்டு. ஆனால் பிள்ளையே இல்லாத ஊர் இல்லை இது. காலை ஏழே கால் மணிக்குப் பிள்ளையார் கோயில் திடலுக்கு வந்து நில்லுங்கள். மூன்று மஞ்சள் வேன் வரும். டை கட்டிய பிள்ளைகள், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, முதுகில் அவர்களைவிடப் பெரிய பை. மேலாண்மைக் குழுவில் நாங்கள் வீடு வீடாகப் போய் எழுதியிருக்கிறோம். ஐந்து வயது முதல் பத்து வயது வரை முப்பது பிள்ளைகளுக்குக் குறையாது. வீட்டு வாசலில் இருந்து நூறடி தூரத்தில் ஒரு பள்ளி இருக்க, அவர்கள் ஏன் வேன் ஏறுகிறார்கள் என்பதை அல்லவா துறை விசாரித்திருக்க வேண்டும்?

நான் விசாரித்தேன். ரவிக்கை தைக்க வருகிறவர்கள் எல்லோரிடமும் கேட்டேன். ஒருத்தி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஒரு டீச்சர், அஞ்சு கிளாஸ். எப்பப் பாத்தாலும் மீட்டிங்குன்னு போறாக. ஆயா பிள்ளைகளைப் பாத்துக்குது. நான் எந்த நம்பிக்கையில விடுறது அக்கா?" அவள் பணக்காரி இல்லை. புருஷன் கொத்தனார் வேலை. ஒவ்வொரு ஜூன் மாதமும் தோட்டை அடகு வைத்து ஃபீஸ் கட்டுகிறாள், தீபாவளிக்கு மீட்கிறாள், மறுபடி வைக்கிறாள். அவளுக்கு இங்கிலீஷ் மோகம் என்று சொல்லிவிட்டு நகர்வது சுலபம். கொஞ்சம் மோகமும் இருக்கிறதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் டீச்சர் இருந்த காலத்தில் அவளுடைய மூத்த பிள்ளை இங்கேதான் படித்தது.

டீச்சர் இருந்த காலம் என்று சொன்னேன் அல்லவா, அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளி ஈராசிரியர் பள்ளி. தலைமையாசிரியர் ஒருவர், உதவி ஆசிரியர் ஒருவர். ஐந்து வகுப்பை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்வார்கள். சிரமம்தான், ஆனால் ஓடியது. ஆகஸ்ட் 1 நிலவரப்படி பிள்ளைகளை எண்ணி உபரி ஆசிரியர் யார் என்று பார்த்தீர்கள். பணிநிரவலில் ஒருவர் போனார். மிச்சமிருந்தவர் தலைமையாசிரியர், வகுப்பாசிரியர், எழுத்தர் எல்லாம் ஆனார். எமிஸில் விவரம் ஏற்ற வேண்டும், பயிற்சிக்குப் போக வேண்டும், விலையில்லாப் பொருளை ஒன்றியத்திலிருந்து ஏற்றி வர வேண்டும், வாக்காளர் பட்டியல் வேலையும் வரும். அந்த அம்மா நல்லவர். பேன் பார்த்துத் தலைசீவி விடுகிற அளவுக்கு நல்லவர். மழை நாளில் தன் செலவில் டீ வாங்கிக் கொடுப்பார். என்ன நல்லவராக இருந்தும் ஒரே நேரத்தில் வகுப்பிலும் மீட்டிங்கிலும் இருக்க முடியாதே. அவர் போகிற ஒவ்வொரு மீட்டிங்குக்கும் ஒரு பிள்ளை வேன் ஏறியது என்று சொன்னால் மிகைதான், ஆனால் ரொம்ப மிகை இல்லை.

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையை எடுத்துப் பாருங்கள், உங்களுக்குத் தெரியாதது இல்லை. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். இருபதுக்குக் கீழே போனால் ஒருவர் போதும், பத்துக்குக் கீழே போனால் யாருமே வேண்டாம் என்று அதில் எங்கும் இல்லை. பிள்ளை குறைந்ததால் ஆசிரியரை எடுத்தீர்கள். ஆசிரியர் குறைந்ததால் பிள்ளை போனது. அந்தக் குறைவைக் காட்டி அடுத்த ஆசிரியரையும் எடுத்தீர்கள்.

இன்னொன்று. வேன் எங்கள் வீட்டு வாசலுக்குப் பிள்ளையின் மூன்றரை வயதில் வருகிறது. உங்கள் சேர்க்கைப் பேரணி ஐந்து வயதில் வருகிறது. எல்.கே.ஜி.யில் சேர்த்த பிள்ளையை ஒன்றாவதுக்கு யாரும் கழற்றிக்கொண்டு வர மாட்டார்கள். வேன் பழகிவிட்டது, கூட்டாளிகள் பழகிவிட்டார்கள், கட்டின டொனேஷன் திரும்ப வராது. 2019இல் அரசு எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியபோது 2,381 அங்கன்வாடி மையங்களில் தொடங்கியது. அவை நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்தவை. எங்களைப் போன்ற சிறிய தொடக்கப் பள்ளிகளுக்குத்தான் அது முதலில் தேவைப்பட்டது, எங்களுக்குத்தான் வரவில்லை. எங்கள் ஊர் அங்கன்வாடி பள்ளிக்கூடத்து மதில் ஒட்டித்தான் இருக்கிறது. ஒரு ஆசிரியை போட்டு எல்.கே.ஜி. என்று போர்டு எழுதியிருந்தால் பாதிப் பிள்ளைகள் மதிலைத் தாண்டி வந்திருக்கும்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 12ஆவது பிரிவில் தனியார் பள்ளியில் 25 சதவீத இடம் ஒதுக்கி, கட்டணத்தை அரசே தருகிறது. ஏழைப் பிள்ளைக்குக் கிடைக்கிற இடத்தை நான் குறை சொல்லவில்லை, எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் அப்படிப் படிக்கிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு அரசு பணம் கட்டும்போது செலவு என்று தெரியவில்லை. எங்கள் பள்ளியில் ஒரு டீச்சருக்குக் கொடுக்கும்போது மட்டும் வீண்செலவாகத் தெரிகிறது. அப்புறம் இதையும் கவனியுங்கள். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும், புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களைப் பார்க்கின்றன. இரண்டும் நல்ல திட்டம். ஊர் ஜனம் என்ன கணக்குப் போட்டது தெரியுமா? அஞ்சாவது வரைக்கும் வேன், ஆறாவதுக்கு கவர்மெண்ட். உயர்நிலைப் பள்ளி நிரம்புகிறது, தொடக்கப் பள்ளி காலியாகிறது. இதைத் தையல்காரி நான் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியதில்லை, துறைக்கு முன்னமே தெரிந்திருக்க வேண்டும்.

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் இல்லை என்பது தெரியும். 2019இல் மாணவர் இல்லாத 46 பள்ளிகளைத் தற்காலிகமாக நூலகமாக மாற்றுவதாகச் சொன்னார்கள். 2025இல் 200க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் ஒரு பிள்ளைகூடச் சேரவில்லை என்று செய்தி வந்தது. நீலகிரி மலையிலிருந்து எங்களைப் போன்ற வறண்ட சீமை வரைக்கும். அந்த ஒவ்வொரு பூஜ்யமும் எப்படி வந்தது என்று யாராவது போய்ப் பார்த்தார்களா? சிலது நிஜப் பூஜ்யமாக இருக்கலாம். எங்களுடையது எழுதி உண்டாக்கியது.

யார் அந்த நான்கு பேர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் மகள் தவிர மற்ற மூவரும் கிழக்குத் தெருப் பிள்ளைகள். ஊருக்குள் பொருள் உள்ளவர்கள் முதலில் போனார்கள், கடன் வாங்க முடிந்தவர்கள் அடுத்துப் போனார்கள், இரண்டும் முடியாத தலித் குடும்பங்கள் கடைசியில் மிஞ்சின. எங்கே போகச் சொல்கிறீர்களோ அந்த ஊருக்கும் கிழக்குத் தெருவுக்கும் பழைய திருவிழாத் தகராறு உண்டு. கேஸ் முடிந்துவிட்டது, பேச்சு முடியவில்லை. அந்த ஊர்ப் பள்ளியில் ஆசிரியர்கள் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள். வழியில் யார் என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பதை ஆசிரியர் எப்படிப் பார்க்க முடியும்? மூன்றாவது படித்த பையன் ஒருவன் ஜூலையிலிருந்து போகவில்லை. கேட்டால் வயிற்றுவலி என்கிறான். தாத்தாவோடு ஆடு பத்திக்கொண்டு போகிறான். பெயர் புதுப் பள்ளிப் பதிவேட்டில் இருப்பதால் உங்கள் இடைநின்றோர் பட்டியலில் அவன் இல்லை. பதிவேட்டில் படிக்கிறான், கண்மாய்க்குள் ஆடு மேய்க்கிறான். வந்தால் காட்டுகிறேன். வாய்ப்பாடு பதினாறு வரைக்கும் ஒப்பிப்பான். பெரிய டீச்சர் சொல்லிக் கொடுத்தது.

இந்தப் பள்ளி அரசாங்கம் தானாகக் கொண்டுவந்து வைத்த பள்ளியும் இல்லை. காமராசர் முதலமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராகவும் இருந்த காலத்தில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்று ஊர் ஊராக நடத்தி, நிலம், பெஞ்சு, கடிகாரம், தட்டு, டம்ளர் என்று ஜனங்களிடமே வாங்கினார்கள். எங்கள் ஊரில் ஒரு குடும்பம் 20 சென்ட் நிலம் எழுதிக் கொடுத்தது. ஓட்டுக் கட்டடத்துக்கு ஊர்க்காரர்களே மண் சுமந்தார்கள். மணியாகத் தொங்குகிற தண்டவாளத் துண்டு எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் இன்றுவரை யாரும் சொல்வதில்லை. நிலம் கொடுத்தவரின் பேரன் இப்போது கேட்கிறார்: பள்ளிக்கூடம் நடத்தக் கொடுத்த இடத்தைப் பூட்டிப் போட்டால் அது யாருடைய இடம் என்று. என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்க வேண்டும்.

பள்ளியின் சேர்க்கை நீக்கப் பதிவேடுகள் எங்கே என்றும் தெரியவில்லை. பீரோவோடு ஒரு டாடா ஏஸில் ஏற்றிப் போனதைப் பார்த்தவர்கள் உண்டு. அதில் எங்கள் ஊர் மூன்று தலைமுறைப் பெயர் இருக்கிறது. ஊரில் பாதிப் பேருக்குப் பிறந்த தேதியே அந்தப் பதிவேட்டில்தான். அதுவும் மே, ஜூன் மாதமாகவே இருக்கும், சேர்க்கைக்கு வயது சரியாக வர வேண்டும் என்று அன்றைய சார் போட்ட தேதி. முதியோர் உதவித்தொகைக்கு வயதுச் சான்று வேண்டும் என்று ஒரு பெரியவர் இப்போது மூன்று அலுவலகம் அலைகிறார். பள்ளியை மூடுகிறவர்களுக்கு இது நினைவுக்கு வந்திருக்காது, அவர் கஷ்டம் அவருக்குத்தான் தெரியும்.

எங்கள் ஊராட்சியின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. தலைவர் இல்லை, உறுப்பினர் இல்லை, தனி அலுவலர்தான். அதனால் எங்களுக்காகப் பேச ஆள் இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஆகஸ்ட் 15 கிராம சபையில் பள்ளியைத் திறக்கச் சொல்லித் தீர்மானம் போட்டோம். வேனில் பிள்ளைகளை அனுப்புகிறவர்களும் கை தூக்கினார்கள். இரண்டு டீச்சர் வந்தால் அடுத்த வருடம் பிள்ளையைக் கொண்டுவருகிறோம் என்று பன்னிரண்டு குடும்பங்கள் எழுதிக் கொடுத்திருக்கின்றன. இவர்கள் சொந்தமாக எழுதியது. ஒவ்வொரு கடிதத்திலும் வேறு வேறு எழுத்துப்பிழை.

கேட்பது இவைதான்.

நீங்கள் நேரில் வர வேண்டும். கண்மாய்க் கரை வழியிலும் தார்ச்சாலை வழியிலும் பிள்ளைகளோடு நடந்து பார்த்து, 900 மீட்டர் என்ற பதிவைத் திருத்த வேண்டும். மழைக்கு முன்னால் வந்தால் உங்களுக்கே நல்லது.

நான்கு டி.சி.யும் யார் கேட்டு, யார் உத்தரவில், எந்தத் தேதியில் போடப்பட்டன என்று விசாரித்து எழுத்தில் சொல்ல வேண்டும். என் மகளுக்குப் போட்ட டி.சி.யை ரத்து செய்ய வேண்டும். மற்ற மூன்று தாய்மார்களிடமும் மறுபடி கேளுங்கள், இந்த முறை பயமுறுத்தாமல்.

பூஜ்யம் என்ற பதிவை நீக்கி, பள்ளியை இந்தக் கல்வியாண்டிலேயே திறக்க வேண்டும். சட்டப்படி இரண்டு ஆசிரியர் வேண்டும். இரண்டாமவர் வரும் வரை முதலாமவரை மாற்றுப்பணி என்று எங்கேயும் அனுப்பக் கூடாது. ஒருவர் பயிற்சிக்குப் போனால் வகுப்பைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் வருவார் என்ற ஏற்பாடு எங்களுக்கு மட்டும் இல்லை, ஒன்றியத்தில் இருக்கிற எல்லாச் சிறிய பள்ளிகளுக்கும் வேண்டும்.

வருகிற ஜூனில் எங்கள் அங்கன்வாடியோடு சேர்த்து எல்.கே.ஜி. தொடங்கப் பரிந்துரை அனுப்புங்கள். உங்கள் அதிகாரத்தில் இல்லை என்றால் யார் அதிகாரத்தில் இருக்கிறது என்று சொல்லுங்கள், அங்கே போய்க் கேட்கிறோம்.

பள்ளி திறக்கும் வரை நான்கு பிள்ளைகளுக்கும் வண்டி வசதி செய்து தர வேண்டும். ஆடு மேய்க்கிற பையன் வீட்டுக்கு ஆசிரியப் பயிற்றுநர் ஒருவர் போக வேண்டும். போய், வயிற்றுவலி என்ன என்று பொறுமையாகக் கேட்க வேண்டும்.

பதிவேடுகள் எங்கே இருக்கின்றன என்று சொல்லி, ஊர்க்காரர்கள் நகல் வாங்க வழி செய்யுங்கள். பள்ளிக் கட்டடத்தையும் நிலத்தையும் கிடங்காகவோ வேறு அலுவலகமாகவோ மாற்றக் கூடாது. தேர்தலுக்கு வாக்குச்சாவடி என்று அதே கதவைத் திறக்கப்போகிறீர்கள் என்றால், அதற்கு முன்னால் பிள்ளைகளுக்குத் திறங்கள்.

அக்டோபர் 2 கிராம சபைக்கு முன்னால் உங்கள் பதில் எழுத்தில் வர வேண்டும். அதைச் சபையில் வாசிப்போம். வராவிட்டால் தகவல் உரிமைப் பதில், மூன்று ஒரேமாதிரிக் கடிதங்களின் நகல், பன்னிரண்டு குடும்பங்களின் கடிதங்கள், கிராம சபைத் தீர்மானம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போய், அவர்கள் வழியாகக் கிடைக்கும் வக்கீலோடு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் மனு போடுவோம். நான்கு தாய்மார்களும் இதற்குச் சம்மதித்துவிட்டோம்.

இப்படிக்கு,
நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்